குரங்கின் காலில் கட்டியிருந்த துண்டு

அலுமாரியில் இருந்த அந்த லாச்சியை, இழுப்பறையை, முதல் நாள் இழுத்துத் திறந்தேன். உள்ளே பதினொரு குரங்குகள் குப்புறப் படுத்திருந்தன. குரங்குகள் என்று சொல்லக்கூடாது, தோல்கள். வயிற்றுக்குள் பஞ்சு அடைத்து, கண் இருந்த இடத்தில் வெள்ளைப் பஞ்சு வெளியே தெரிய, கையை உடம்போடு ஒட்டி, காலைப் பின்னால் நீட்டி வரிசையாக அடுக்கி வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றின் வலது காலிலும் நூலால் ஒரு கடதாசித் துண்டு கட்டியிருந்தது. பூச்சி உருண்டை மணம் மூக்கில் ஏறியது. நான் மனதுக்குள் நமசிவாய சொல்லிக்கொண்டு லாச்சியை மூடினேன்.

எழுபத்தேழு தை மாதம் சிட்னியில் ஒரு பல்கலைக்கழகத்தின் விலங்கியல் பகுதியில் எனக்கு அந்த வேலை கிடைத்தது. ஊரில் நான் பள்ளிக்கூடத்து ஆய்வுகூடத்தில் போத்தல் கழுவி வைக்கிற ஆள். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. மனைவியின் தம்பி இங்கே டொக்டர். அவர்தான் என்னைக் கூப்பிட்டவர். பென்டில் ஹில் என்ற இடத்தில் அவருடைய வீட்டில் ஒரு அறையில் இருந்தேன். மனைவியும் இரண்டு பெண்பிள்ளைகளும் யாழ்ப்பாணத்தில். ஆறு மாதம் வேலை பார்த்து, இவர் நிரந்தரமானவர் என்று வேலைத்தலத்தில் ஒரு கடிதம் தந்தால், அதை வைத்து அவர்களைக் கூப்பிடலாம் என்று மச்சான் சொல்லியிருந்தார். அந்தக் கடிதத்துக்காகத்தான் நான் காலையில் எழும்பினேன், அதற்காகத்தான் ரயில் ஏறினேன். குரங்கா, பாம்பா, எலியா என்று நான் பார்க்கவில்லை.

ஆனால் பயம் இருந்தது. அந்தப் பழைய தோல்கள் உளுத்துப்போகாமல் இருக்கப் பாஷாணம் பூசியவை. கையுறை போடாமல் தொடக்கூடாது, கை கழுவாமல் வாயில் எதையும் வைக்கக்கூடாது என்று எனக்கு மேலே இருந்த அம்மையார் முதல் நாளே சொன்னார். ஐம்பது வயது, கலியாணம் கட்டாதவர், குட்டையாக வெட்டின நரைத்த தலை. பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள் என்றார். எனக்கு நாக்கு வரவில்லை. மிஸ் என்று கூப்பிட்டேன். அது அவருக்குச் சிரிப்பு, ஆனால் விட்டுவிட்டார்.

நான் மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவன். பகல் முழுக்கச் செத்ததைத் தொட்ட கையோடு சுவாமிப் படம் இருக்கிற அறைக்குள் போக மனம் ஒப்பாது. மச்சான் வீட்டுக்குப் பின்னால் உடுப்புத் தோய்க்கிற கொட்டிலில் ஒரு குழாய் இருந்தது. மாரி காலத்திலும் அங்கே குளிர்தண்ணீரில் தோய்ந்துவிட்டுத்தான் குசினிக்குள் கால் வைப்பேன். "அத்தான், உங்களுக்கு நிமோனியா வந்தால் நான்தான் பார்க்கவேணும்" என்று மச்சான் பகிடி பண்ணுவார்.

அங்கே ஒரு கிழவரும் வேலை பார்த்தார். மீன்களை ஊறவைத்த போத்தல்களுக்கு ஸ்பிரிட் மாற்றுவது அவருடைய வேலை. நான் சேர்ந்த கிழமையே அலுமாரிகளுக்குப் பின்னால் ஒளித்து நின்று அடித்தொண்டையால் ஒரு ஊளை விட்டார். நான் வைத்திருந்த பெட்டியைக் கீழே போட்டுவிட்டேன்.

"பயந்திட்டியா, மேட்? நான் போட்டது பூனைச் சத்தம். அந்த லாச்சியில் கிடக்கிறது உயிரோடு கத்தினால் மூன்று மைலுக்குக் கேட்கும்."

பிறகு ஒரு தொண்டை எலும்பைக் கொண்டுவந்து காட்டினார். கோழி முட்டை அளவு, உள்ளே ஒன்றுமில்லாத கோறை. இதற்குள்தான் சத்தம் சுழன்று பெருக்குமாம். தென்னமெரிக்கக் காடுகளில் விடிய முதல் அந்தக் குரங்குகள் கூட்டமாக ஊளையிடும், புதிதாகப் போன வெள்ளைக்காரர்கள் சிங்கம் என்று நினைத்து ஓடினார்கள் என்று சொன்னார். எனக்கு அதற்குப் பிறகு அந்த லாச்சியைத் திறக்கும்போதெல்லாம் காது கூசும்.

எங்கள் ஆட்களுக்குக் குரங்கு வெறும் குரங்கு அல்ல. யாரும் இல்லாத நேரம் பார்த்து, திறந்தவுடன் கை கூப்புவேன். ஒருநாள் கிழவர் கண்டுவிட்டார்.

"அவன் பதில் சொல்லுறானா?"

"இல்லை."

"நல்லது. சொன்னால் எனக்குச் சொல்லு. நான் அன்றைக்கே வேலையை விடுறேன்."

வைகாசி மாதம் மிஸ் என்னைக் கூப்பிட்டு அந்தப் பதினொன்றின் கதையைச் சொன்னார். என்னுடைய படிப்புக்கு ஏற்றபடிதான் சொன்னார். இவையெல்லாம் ஒரே சாதி, பிரேசில் நாட்டுக் கடற்கரைக் காட்டில் இருக்கிற கபில நிற ஊளைக்குரங்கு. ஆனால் அதற்குள் இரண்டு உட்பிரிவு. வடக்கே இருக்கிறவற்றில் ஆணும் பெண்ணும் ஒரே மாதிரிச் செம்மை. தெற்கே ஆண் சிவப்பு, பெண் கறுப்புக் கலந்த கபிலம். இதை வைத்துத்தான் இரண்டு பெயர் வைத்திருக்கிறார்கள். இது உண்மையிலே இரண்டா, இல்லை நடுவில் கோடு போட்டது மனிதனா என்று சண்டை. இங்கிலாந்தில் இருந்து ஒருவர் ஆடி மாதம் வருகிறார், இந்த லாச்சியைப் பார்க்கத்தான் வருகிறார்.

"இதில் எது வடக்கு, எது தெற்கு?" என்று கேட்டேன்.

மிஸ் ஒரு தோலின் காலைத் தூக்கித் துண்டைக் காட்டினார். "இதுதான் சொல்லும். பிடித்த இடம், நாள், ஆணா பெண்ணா, காலின் நீளம், எல்லாம் இதில் இருக்கு. நிறம் வெளிறிப்போகும். துண்டு இல்லாவிட்டால் இது வெறும் தோல்."

பிறகு அவர் ஒரு கிழமை மெல்பேணுக்குப் போனார். போகமுதல் ஒரு வேலை சொன்னார். லாச்சியில் பூச்சி விழுந்திருக்கிறது, தோல்களை வெளியே எடுத்துத் தூரிகையால் தட்டி, கீழே புதுக் கடதாசி விரித்து, இருந்தபடியே திரும்ப வைக்கவேணும். அவ்வளவுதான்.

நான் மேசையில் வெள்ளைத் துணி விரித்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். அப்போதுதான் அந்தத் துண்டுகளை நன்றாகப் பார்த்தேன். அழகான கையெழுத்து, பழைய மை. அது காலில் கட்டிக் கிடந்தது. எங்கள் வீட்டில் கால் பட்ட கடதாசியை எடுத்துக் கண்ணில் ஒற்றாமல் கீழே வைக்க மாட்டோம். பிள்ளை பள்ளிக்கூடப் புத்தகத்தை மிதித்துவிட்டால் மூன்று தரம் தொட்டுக் கும்பிடச் சொல்லுவோம். எழுத்து சரஸ்வதி. அது அனுமார் சாதியின் காலில், செத்த காலில், இத்தனை வருஷமாகக் கட்டிக் கிடக்கிறதே என்று பட்டது. ஐந்து மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்தவன்தான். அன்றைக்குத்தான் கையில் எடுத்துப் பார்த்தேன்.

அவிழ்த்துக் கையில் கட்டிவிடலாம் என்று நினைத்தேன். கை என்றால் குற்றமில்லை. துண்டு அதேதான், தோல் அதேதான், இடம் மட்டும் ஒரு முழம் மேலே. மிஸ்ஸிடம் கேட்டிருக்கலாம். அவர் மெல்பேணில். கேட்காமல் செய்தது முதல் பிழை.

ஒவ்வொன்றாகத்தான் செய்தேன். அவிழ்த்து, கண்ணில் ஒற்றி, அதே தோலின் கைமணிக்கட்டில் கட்டி, பிறகுதான் அடுத்ததைத் தொட்டேன். ஒன்பது முடிந்தது. மிச்சம் இரண்டும் பெண் குரங்கு, அரைகுறை நிறம், சிவப்பும் இல்லை கறுப்பும் இல்லை. அவற்றின் நூல் ஒன்றோடொன்று சிக்குப்பட்டுக் கிடந்தது. இழுத்தால் அறுந்துவிடும் என்று இரண்டையும் சேர்த்து அவிழ்த்தேன். அந்த நேரம் பார்த்துக் கிழவர் கூப்பிட்டார், ஸ்பிரிட் பீப்பாய் ஒன்றைத் தூக்கவேணும், வா மேட் என்று. துண்டுகளை அந்தந்தத் தோலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனேன். வைத்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

திரும்பி வந்தபோது இரண்டு துண்டும் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தன. காற்றோ, கதவு அடித்ததோ, நான்தான் அப்படி வைத்தேனோ. அந்தச் சின்ன எழுத்தை நான் அதுவரை வாசித்துப் பார்க்கவில்லை. ஒன்றில் வடக்கு ஊர்ப் பெயர், மற்றதில் தெற்கு. நான் இரண்டு தோலையும் மாறி மாறிப் பார்த்தேன். இடது பக்கத்தது வடக்கு என்று மனம் சொன்னது. கட்டினேன். லாச்சியை மூடினேன்.

வீட்டுக்குப் போகிற ரயில் பரமட்டாவைத் தாண்டும்போது அந்த நிச்சயம் போய்விட்டது. வலது பக்கம் என்று மனம் சொல்லத் தொடங்கியது.

குளித்துவிட்டு வந்து மச்சானிடம் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன அத்தான் நீங்கள். செத்துப்போன குரங்குக்கு ஆர் வந்து வழக்குப் பேசப்போறான்?"

"அதைப் பார்க்க இங்கிலாந்திலை இருந்து ஒராள் வாறார்."

"வரட்டும். பார்க்கட்டும். நீங்கள் வாயைத் திறவாதேங்கோ. இன்னும் ஒரு மாதம்தானே கிடக்கு? கடிதம் கைக்கு வரட்டும். பிறகு வேணுமெண்டால் குரங்கிட்டையே நேர போய் மன்னிப்புக் கேளுங்கோ."

அந்தக் கிழமை மனைவியின் கடிதம் வந்தது. சின்னவளுக்கு உங்கள் முகம் மறந்துவருகிறது, படத்தைக் காட்டித்தான் அப்பா என்று சொல்லிக் கொடுக்கிறேன் என்று எழுதியிருந்தாள். நான் அதை மடித்துச் சுவாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். சுவாமியிடம் என்ன கேட்பது என்று தெரியவில்லை. பிழை தெரியவரக்கூடாது என்று கேட்க வெட்கமாக இருந்தது. தெரியவரட்டும் என்று கேட்கப் பயமாக இருந்தது. திருநீற்றைப் பூசிக்கொண்டு ஒன்றும் கேட்காமல் எழும்பிவிடுவேன்.

மிஸ் வந்ததும் லாச்சியைத் திறந்தார். துண்டெல்லாம் கையில் இருப்பதைக் கண்டு திரும்பி என்னைப் பார்த்தார். நான் காரணத்தைச் சொன்னேன். கால், எழுத்து, சரஸ்வதி, எனக்குத் தெரிந்த இங்கிலிஷில் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. ஒரு துண்டைத் தூக்கி வாசித்தார்.

"ஒவ்வொன்றாகத்தானே மாற்றினீர்கள்? ஒரு நேரத்தில் ஒன்று?"

"ஓம், மிஸ்."

அந்த ஓம் எப்படி வாயில் இருந்து வந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அது வந்த வேகம் எனக்கே பயம் தந்தது. எல்லாத் துண்டையும் திரும்பக் காலில் கட்டச் சொன்னார். அவர் பார்த்துக்கொண்டிருக்க, ஒவ்வொன்றாகக் கட்டினேன். கடைசி இரண்டிலும் பொய்யையும் சேர்த்துக் கட்டினேன்.

அதற்குப் பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பகலில் அந்த அறைக்குள் தனியே நிற்கவே பயந்தேன். குரங்கு சபிக்கும் என்ற பயம் இல்லை. மூடின லாச்சிக்குள் என்னுடைய பொய் படுத்திருக்கிறது, அதன் காலில் அழகான எழுத்தில் வேறொன்றின் ஊரும் நாளும் எழுதியிருக்கிறது, அதை உண்மை என்று ஆட்கள் நம்பப்போகிறார்கள் என்ற பயம். கிழவர் வழக்கம்போல ஒருநாள் ஊளையிட்டார். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி சரி, இனிமேல் இல்லை" என்று சொல்லித் தேத்தண்ணி ஊற்றித் தந்தார்.

இங்கிலாந்துக்காரர் வந்தார். உயரமான மனிதர், மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு அதையே தேடுவார். இரண்டு நாள் ஒவ்வொரு தோலாக அளந்தார். யன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் மயிரைப் பிரித்துப் பார்த்தார். எனக்கு அவருக்குப் பக்கத்தில் நின்று எடுத்துக் கொடுக்கிற வேலை. மற்ற ஒன்பதையும் பேசாமல் எழுதிக்கொண்டு போனார். பத்தாவதைக் கையில் எடுத்தபோது நின்றார். துண்டைப் பார்த்தார், தோலைப் பார்த்தார், திரும்பவும் துண்டைப் பார்த்தார்.

"இங்கே வந்து பாருங்கள்" என்று மிஸ்ஸைக் கூப்பிட்டார். "இது பெண். தெற்கே பிடித்தது. ஆனால் இந்த முதுகைப் பாருங்கள், எவ்வளவு செம்மை. தெற்கே இப்படி ஒரு பெண் இருக்குமென்றால் நடுவில் கோடு எங்கே போடுறது? இது ஒன்று போதும், இரண்டும் ஒன்றுதான் என்று நான் நினைத்ததைச் சொல்ல."

மிஸ் குனிந்து பார்த்தார். அவருடைய முகமும் மலர்ந்தது. நான் அளவுகோலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அன்றைக்கு மதியம் மிஸ் என்னை அறைக்குக் கூப்பிட்டு ஒரு கடித உறையைத் தந்தார். "அடுத்த கிழமைதான் தருவதாக இருந்தேன். இன்றைக்கே கையெழுத்துப் போட்டாயிற்று. உங்கள் மனைவிக்கு எழுதுங்கள்."

நான் நன்றி சொன்னேனா என்று ஞாபகமில்லை. உறையைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு கை கழுவுகிற இடத்துக்குப் போனேன். குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். மச்சான் சொன்னபடி கடிதம் கைக்கு வந்துவிட்டது. பின்னேரம் அதைத் தபாலில் போடலாம். அந்த மனிதர் நாளைக்குப் போய்விடுவார், புத்தகத்தில் எழுதுவார், அதை வாசிக்கிறவர்கள் எனக்குத் தெரியாதவர்கள். ஒருவரும் என்னை வந்து கேட்கப்போவதில்லை. ஒரு தேவாரத்தைத் தொடங்கினேன். சின்ன வயதில் இருந்து தினம் சொல்லுகிற தேவாரம். இரண்டாவது வரி வரவில்லை. எவ்வளவு நினைத்தும் வரவில்லை. அதுதான் என்னை அதிகம் பயப்படுத்தியது. எனக்கு இருக்கிற ஒரேயொரு படிப்பு அது.

நான் திரும்பிப் போனேன். இருவரும் மேசையடியில் இருந்தார்கள். உறையை எடுத்து மிஸ்ஸின் முன்னால் வைத்தேன். அதைப் பையில் வைத்துக்கொண்டு சொல்ல முடியாது என்று தோன்றியது.

"மிஸ், அன்றைக்கு நான் ஓம் என்று சொன்னது பொய். இரண்டு துண்டைச் சேர்த்து அவிழ்த்தேன். இதுவும், அதற்குப் பக்கத்தில் இருக்கிறதும். எது எதனுடையது என்று எனக்குத் தெரியாது."

மிஸ் அந்த இரண்டு தோலையும் எடுத்துப் பக்கம் பக்கமாக வைத்தார்.

இங்கிலாந்துக்காரர் கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு இரண்டு தோலின் காலையும் அளந்தார். துண்டில் உடம்பு பச்சையாக இருந்தபோது அளந்த நீளம் எழுதியிருந்தது. காய்ந்த தோல் சுருங்கியிருந்தது. இதற்கு அது பொருந்துமா, அதற்கு இது பொருந்துமா என்று மாற்றி மாற்றிப் பார்த்தார். இரண்டுக்கும் இரண்டும் பொருந்தின, ஒன்றும் சரியாகப் பொருந்தவில்லை. அரை மணித்தியாலம் சென்றிருக்கும். பிறகு தன்னுடைய கொப்பியைத் திறந்து, அன்றைக்கு எழுதின இரண்டு பக்கத்தையும் குறுக்கே கோடு போட்டு வெட்டினார். பேனையை மூடினார்.

"கால் உங்களுக்கு அவ்வளவு பெரிய விஷயமா?" என்று என்னைக் கேட்டார்.

"ஓம், சேர்."

"எனக்கு அந்தத் துண்டு அவ்வளவு பெரிய விஷயம்" என்றார். சத்தம் போடவில்லை. அவர் ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

மிஸ் உறையை எடுத்துத் தன்னுடைய மேசை லாச்சிக்குள் வைத்தார். திங்கட்கிழமை கதைப்போம் என்றார். அந்தச் சனி, ஞாயிறு நான் எப்படிக் கழித்தேன் என்று எழுத வேண்டியதில்லை. மச்சான் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. திங்கட்கிழமை மிஸ் சொன்னார், வேலை இருக்கிறது, ஆனால் கடிதம் இன்னும் மூன்று மாதம் பொறுக்கவேணும். "துண்டு மாறினதுக்காக இல்லை. அது யாருக்கும் நடக்கும். நான் கேட்டபோது நீங்கள் சொன்ன பதிலுக்காக."

அந்த இரண்டு துண்டிலும் அவர் பென்சிலால் எழுதினார், இடம் நிச்சயமில்லை என்று. இரண்டு தோலையும் வேறு பெட்டியில் போட்டுக் கீழ்த்தட்டில் வைத்தோம். அவை வடக்கும் இல்லை, தெற்கும் இல்லை. எந்தக் காட்டிலே பிறந்தோம் என்று சொல்ல வழியில்லாமல் நான் செய்துவிட்டேன்.

மூன்று மாதம் என்றால் என்ன, பொறுத்துக்கொள்ளலாம் என்று என்னையே தேற்றிக்கொண்டேன். ஆவணியில் ஊரில் கலவரம் வந்தது. இங்கத்தைய பேப்பரில் உள்பக்கத்தில் நாலு வரி. யாழ்ப்பாணத்தில் சந்தை எரிந்தது என்று மச்சானுக்குத் தெரிந்த ஒருவர் லண்டனில் இருந்து டெலிபோன் எடுத்துச் சொன்னார். எங்கள் வீடு சந்தையில் இருந்து நடக்கிற தூரம். தந்தி அடித்தேன், பதில் இல்லை. மச்சானுக்கும் அது கூடப்பிறந்த அக்கா. மூன்றாம் நாள் காலை அவர் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தவர், நிமிர்ந்து பார்க்காமல் சொன்னார்.

"அண்டைக்கு நீங்கள் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால்..."

மிச்சத்தைச் சொல்லாமல் கதவைத் திறந்துகொண்டு போனார். ஆனியோ ஆடியோ கடிதம் கிடைத்திருந்தாலும் அவர்கள் ஆவணிக்குள் வந்து சேர்ந்திருக்க முடியாது. அதை நான் பிறகு அமைதியாக இருந்து யோசித்தபோது கண்டுகொண்டேன். அந்த நாட்களில் யோசிக்க முடியவில்லை. கண்ட இடமெல்லாம் நெருப்புத்தான் தெரிந்தது. வேலைக்குப் போய்த் துடைத்த போத்தலையே திரும்பத் துடைப்பேன். நான் ஒரு குரங்குத் தோலுக்கு உண்மையாக இருந்துவிட்டு என் பிள்ளைகளைக் கொடுத்துவிட்டேனோ என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். சுவாமிப் படத்துக்கு முன்னால் நின்று முதல் முறையாகக் கோபப்பட்டேன். பிறகு அதற்கும் பயந்தேன்.

ஒன்பதாம் நாள் தந்தி வந்தது. மூவரும் சுகம், வட்டுக்கோட்டையில் பெரியம்மா வீட்டில் இருக்கிறோம். மச்சான் அதை வாங்கி வாசித்துவிட்டு என் தோளில் கை வைத்தார். அதற்கு மேல் நாங்கள் அதைப்பற்றிக் கதைத்ததில்லை.

ஐப்பசியில் மிஸ் கடிதத்தைத் தந்தார். அதே கடிதம், நாள் மட்டும் வேறு. அடுத்த வருஷம் சித்திரையில் அவர்கள் வந்து இறங்கினார்கள். சின்னவள் என்னைக் கண்டதும் தாயின் சேலைக்குள் ஒளித்தாள். என்னோடு கதைக்க அவளுக்கு இரண்டு கிழமை சென்றது.

மனைவிக்கு நான் உடனே சொல்லவில்லை. ஒரு சனிக்கிழமை பகல், பிள்ளைகள் வெளியே விளையாட, அவள் குசினியில் போஞ்சிக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள். எனக்குக் கடிதம் ஏன் பிந்தியது என்று முழுக்கச் சொன்னேன். துண்டு, ஓம் என்ற பொய், உறையைத் திரும்பக் கொடுத்தது எல்லாம். அவள் கத்தியை வைக்கவில்லை.

"குரங்குக்காகவோ?"

"ஓம்."

"கலவரம் நடந்த அந்த ஒன்பது நாளும் நாங்கள் கட்டிலுக்குக் கீழை பிள்ளையளைப் படுக்கவைச்சுக்கொண்டு இருந்தனாங்கள், தெரியுமோ? பெரியவள் வாயைப் பொத்திக்கொண்டு கிடப்பாள், சத்தம் வரக்கூடாதெண்டு."

தெரியாது என்றேன். அவள் ஒரு கடிதத்திலும் அதை எழுதவில்லை.

இன்னொரு போஞ்சியை எடுத்து வெட்டினாள். பிறகு சொன்னாள், "நீங்கள் செய்தது சரிதான். பிழை எண்டு நான் சொல்லமாட்டன். ஆனால் இனி எங்களை வைச்சு இப்பிடி ஒண்டு செய்யிறதெண்டால் என்னட்டைக் கேட்டுப்போட்டுச் செய்யுங்கோ."

"ஓம்" என்றேன்.

அவள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். நான் சொன்ன ஓம் எப்படிப்பட்டது என்று பார்க்கிறாள் என்று எனக்கு விளங்கியது. பார்வையை எடுக்காமல் நின்றேன். பிறகு அவள் வெட்டின போஞ்சியைச் சட்டிக்குள் போட்டு, பிள்ளைகளைக் கை கழுவிக்கொண்டு வரச்சொல்லுங்கோ என்றாள்.